பெயர்ப்பலகைகளில் நம் வரலாறு

சிங்கப்பூரில் நம் முன்னோர் வந்து நிலைபெற்றதற்குச் சான்றாக இரண்டு கட்டடங்களைச் சொல்வோம். ஒன்று தெலுக் ஆயர் நாகூர் தர்கா, மற்றொன்று சவுத் பிரிட்ஜ் ரோடு ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். இரண்டும் 1974இல் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. ஆனால் அம்முன்னோர் பிழைத்த கடைகளின் வரலாறு கல்லில் இல்லை. அது வாசலில் மாட்டிய பெயர்ப்பலகைகளில் இருந்தது.

கடைவீடுகளின் முன்னால் தொடர்ச்சியான நடைவழி விடவேண்டும் என்பது 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம். அதையே நாம் 'அஞ்சடி' என்கிறோம். வாசலுக்கு மேல் ஒரு பலகை, அஞ்சடிக் கூரையிலிருந்து குறுக்காகத் தொங்கும் பலகை, தூணில் எழுத்து எனக் கடையின் பெயர் பல இடங்களில் இருக்கும். மரப்பலகையிலோ தகரத்திலோ சுண்ணக்கோடு இழுத்து, எனாமல் சாயத்தால் கையாலேயே எழுதினார்கள். சினிமா பேனர் என்றால், சிறிய படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் துணியில் பெரிதாக்கி வரைவார்கள்.

பழைய பலகை ஒன்றைப் பார்த்தால் பல செய்திகள் கிடைக்கும். மேலே பிறையும், பிஸ்மில்லாஹ்வின் அப்ஜத் எண்ணான 786உம் இருந்தால் முஸ்லிம் கடை. பெயருக்கு முன் நிற்கும் எழுத்துகள் வணிகக் குடும்பத்தின் விலாசம். ஊர்ப்பெயர் இருந்தால் கடையநல்லூரா, தென்காசியா, கூத்தாநல்லூரா என்பதும் தெரிந்துவிடும். தமிழ், ஜாவி, ஆங்கிலம், சீனம் என எந்தெந்த மொழிகளில் எழுதியிருக்கிறது என்பது, யார் யார் அங்கே வாடிக்கையாளர் என்று காட்டும். கடைக்கு வைத்த பெயரே சில சமயம் வரலாறு: நார்த் பிரிட்ஜ் ரோட்டில் 1908 முதல் இருந்துவரும் 'ஸம் ஸம்' உணவகம், மக்காவின் கிணற்று நீரை நினைவூட்டுகிறது.

இப்பலகைகள் எப்படி மறைந்தன? நம் நாணய மாற்று வணிகர்கள் நிறைந்திருந்த சேஞ்ச் அலி 1989இல் மூடப்பட்டது. அதே ஆண்டு லிட்டில் இந்தியாவும் கம்போங் கிளாமும் பாதுகாப்பு வட்டாரங்களாயின. ஆனால் சுவர் தங்கியதுபோல் பலகை தங்கவில்லை. மாட்டிய பலகை கடைக்காரரோடு போய்விடும். 2001இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டபின் பழைய கடைகள் பல தாக்குப்பிடிக்க முடியாமல் போயின. புதிதாக வந்தவர்கள் அச்சடித்த பிளாஸ்டிக் பலகையை மாட்டினார்கள். அது மலிவு, ஒரே நாளில் தயார். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

எஞ்சியது நம் வீடுகளில்தான் இருக்கிறது. அத்தாவோ அப்பாவோ கடை வாசலில் நின்று எடுத்த படத்தில், அவர் தலைக்குமேல் அந்தப் பலகை தெரியும். பழைய ரசீதுப் புத்தகத்தின் தலைப்பிலும் அதே விலாசம் இருக்கும். உறுப்பினர் குடும்பங்கள் அவற்றைத் தேடி எடுத்து, எந்தத் தெரு, எந்த ஆண்டு, யார் கடை என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே பின்பக்கம் எழுதிவையுங்கள். குறிப்பில்லாத படத்தைப் பேரப்பிள்ளைகளால் அடையாளம் காண முடியாது. 2015 முதல் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் இயங்கிவருகிறது. நம் வீட்டுப் பெட்டியில் கிடப்பதை நாம் எடுத்துக் காட்டினால்தான், நம் கடைத்தெருவின் கதை அங்கே முழுமை பெறும்.