பொருள்களுக்கான மின்னணுக் கடவுச்சீட்டு (ஆடைகள்)

ஓர் ஆடையின் இழைக் கலவை, தயாரிப்பிடம், பழுதுநீக்கம், மறுசுழற்சி முதலிய விவரங்களை கியூஆர் குறியீடு போன்றவற்றின் வழியே காட்டும் மின்பதிவு. 2024 ஜூலை 18 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் சூழலியல் வடிவமைப்பு ஒழுங்குமுறை (2024/1781) இதற்கு அடிப்படை. 2025 ஏப்ரலில் வெளியான அதன் செயல்திட்டம் ஆடைகளை முன்னுரிமைப் பொருள்களில் சேர்த்தது; கட்டாய விவரங்களைத் துணைச் சட்டம் வரையறுக்கும். அதுவரை காத்திருக்கும் பிராண்டு பின்தங்கும். குறியீடு அச்சிடுவது எளிது. தரவு திரட்டுவதே பாடு. தைத்துக் கொடுத்தவரைத் தெரிந்த பிராண்டுக்கு, நூற்பாலையும் சாயப்பட்டறையும் பெரும்பாலும் தெரிவதில்லை. ஐரோப்பாவுக்குப் பின்னலாடை அனுப்பும் திருப்பூரில் சாயமிடல், அச்சிடல், தையல் எல்லாம் பல இடங்களில் ஜாப் ஒர்க்காக நடப்பதால், ஒவ்வொரு லாட்டுக்கும் நூல், சாயம் பற்றிய சான்றுகளைக் கொள்முதல் ஆணையிலேயே கேட்டுவிடுவது நல்லது.