சிராஸ் விட்டுச்சென்ற கேள்வி

ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி மதுரைக்குப் படிக்கப் போகும் ஒரு மாணவன், தன் ஈர்ப்பு எத்தகையது என்ற குழப்பத்தை ஆசிரியரிடம் சொல்லத் துணிகிறான் என்று கொள்வோம். அந்த ஆசிரியரே ஒளிந்து வாழ்பவராயின் என்ன செய்வார்?

அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்தி கற்பித்த ராமச்சந்திர சிராஸ் ஒரு கவிஞர். 2010 பிப்ரவரி 8 அன்று சிலர் கேமராவுடன் அவர் வீட்டினுள் புகுந்து, அவர் மற்றோர் ஆணுடன் இருந்ததைப் படம்பிடித்தனர். அத்துமீறி நுழைந்தது அவர்கள்; பணியிடைநீக்கம் செய்யப்பட்டதோ சிராஸ். வயதுவந்தோர் தனிமையில் இசைந்து கொள்ளும் உறவு குற்றமன்று என்று தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்து அப்போது ஏழு மாதங்களே ஆகியிருந்தன. ஏப்ரல் 1 அன்று அலகாபாத் உயர்நீதிமன்றம் அந்தப் பணியிடைநீக்கத்தை நிறுத்திவைத்தது. ஏப்ரல் 7 அன்று அவர் தமது வாடகை அறையில் இறந்து கிடந்தார். சட்டம் அவரை ஏற்றது. அவர் கற்பித்த இடம் ஏற்கவில்லை.

தில்லித் தீர்ப்பை உச்சநீதிமன்றம் 2013இல் ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6 அன்று 377ஆம் பிரிவின் பிடியைத் தானே தளர்த்தியது. இதனிடையே நம் பக்கத்து மதுரையில், மாணவராக இருந்த கோபி ஷங்கர் 2011இல் 'சிருஷ்டி' அமைப்பைத் தொடங்கினார். ஆசிரியர் இல்லாத இடத்தில் மாணவரே ஆசிரியரானார்.

பத்தாண்டுகளுக்குப் பின், மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பிவந்த இரு பெண்களின் வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இது குறித்துப் போதிய அறிவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் பாடம் கேட்டுக்கொண்டார். 2021 ஜூன் 7 அன்று அவர் இட்ட ஆணை பள்ளிகளையும் பெற்றோரையும் உள்ளடக்கியது. அதே ஆண்டில், பால்மாறிய குழந்தைகளைப் பள்ளியில் அரவணைப்பது குறித்து என்.சி.ஈ.ஆர்.டி. வெளியிட்ட ஆசிரியர் கையேடு, எதிர்ப்பு எழுந்ததும் இணையதளத்திலிருந்து நீக்கப்பட்டது.

இருபாலீர்ப்புடைய ஆசிரியரின் நிலை இன்னும் நுட்பமானது. மனைவியோ கணவனோ அருகிலிருந்தால் ஊர் அவரை 'நம்மவர்' என்று எண்ணிக்கொள்ளும். பாதி உண்மையைச் சொல்லாமலிருப்பதே அந்த ஏற்புக்கு அவர் தரும் விலை. அவர் வாய்மூடியிருக்கும் வகுப்பறையில் மாணவனும் மௌனத்தையே கற்கிறான். மாணவனைக் காக்க விரும்பும் பள்ளி, முதலில் தன் ஆசிரியரின் வேலைக்கும் மானத்துக்கும் உறுதி தரவேண்டும். ஒரு நீதிபதி மாணவராக அமர முடிந்ததென்றால், நம் பள்ளி நிர்வாகங்களுக்கு அது ஏன் இயலாது?