கூடாரமும் பீலியும்

நீண்ட விடுமுறை ஒன்று வந்துவிட்டால் அரநாயக்கப் பாதையில் முதுகுச் சுமையோடு இளைஞர் கூட்டம் ஏறத் தொடங்கும். பத்தலேகல உச்சியில் கூடாரமடித்து இரவைக் கழித்து, மேகத்துக்கு மேலே விடியலைக் காண்பது இன்றைய நகரத்து இளைஞரின் பேராவல். வேதப் புத்தகம் போன்ற தோற்றங்கண்டு வெள்ளையர் அம்மலையைப் பைபிள் றொக் என்றழைத்தனர். தம் புத்தகத்தைத் தவிர வேறெதையும் அவர்கள் அங்கே படிக்கவில்லை போலும்!

அப்படியொரு விடுமுறை முடிந்த திங்கட்கிழமை, எங்கள் தோட்டத்துக்கு மேலுள்ள ஓடைக்கரையில் கரியும் சாம்பலும், உடைந்த போத்தல்களும், ஷாம்பூ உறைகளும் கிடந்தன. வகுப்பில் இதைப்பற்றிப் பேச்செழுந்தபோது மாணவன் ஒருவன் கேட்டான்: "அது காடுதானே, சேர்? அங்கே ஆளே இல்லையே?"

நான் தமிழ் கற்பிப்பவன். ஆயினும் அவ்வினாவுக்குரிய விடை இலக்கணத்தில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது.

இம்மலைகள் ஆளற்றவை என்று முதலில் எழுதி வைத்தது ஒரு சட்டம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், காடு, தரிசு, குடியற்ற நிலம், பயிரிடப்படாத நிலம் அனைத்தும், மறுத்துரைக்கும் சான்று காட்டப்படும்வரை, முடிக்கே உரியவை எனக் கொண்டது. சேனை வெட்டிப் பயிரிட்டு, பின் பல ஆண்டுகளுக்கு அந்நிலத்தைக் காட்டுக்கே திருப்பிக் கொடுத்து வந்த கண்டி நாட்டுக் குடியானவனிடம் எழுத்து உறுதி ஏது? அவன் தடம் விடாது வாழ்ந்தான். தடம் இல்லையென்பதே அவனுக்கெதிரான சான்றாயிற்று. நிலம் ஏக்கர் ஐந்து ஷில்லிங்காக விலைபோயிற்று. வாங்கியோருள் அரசாங்கத்தின் உயர் உத்தியோகத்தர்களும் இருந்தனர். 1844இல் விலை ஒரு பவுணாக உயர்ந்தபோது நல்ல நிலங்களில் பெரும்பகுதி கைமாறியிருந்தது.

அதன்பின் காட்டில் தங்கியவர் இருவகையினர். ஒருவர் வேட்டைக்கு வந்த துரைமார். கூலிகள் சுமந்த கூடாரங்களோடும் நாய்ப் பட்டாளத்தோடும் மலையேறி, மரைகளைத் துரத்திய சாமுவேல் பேக்கர் அதைப் புத்தகமாகவும் எழுதினார். 1845இல் இடிவிழுந்து மாண்ட மேஜர் றொஜர்ஸ் சுட்ட யானைகள் ஆயிரத்துக்கு மேல் என்பர். ஹோட்டன் சமவெளியில் இன்று யானையில்லை. மற்றவர் நம் முன்னோர். மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே மாத்தளைக்கு நடந்த அவர்களுக்குக் கூடாரமில்லை. விலங்குக்கு அஞ்சி மூட்டிய நெருப்பே துணை. வாந்திபேதியில் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுச் சென்றனர். பொழுதுபோக்காகக் காட்டில் படுக்கும் காலமொன்று வருமென்று அவர்களிடம் எவரேனும் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

அவர்கள் கையாலேயே காடு சாய்ந்து கோப்பி எழுந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை வந்தது. 5,000 அடிக்கு மேலுள்ள காட்டையாவது விட்டுவையுங்கள் என்று தாவர அறிஞர் ஜோசப் ஹூக்கர் 1873இல் அறிவுறுத்தினார். சிவனொளிபாத மலைக்காடு 1940இல் சரணாலயமாயிற்று. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. நாம் இன்று "இயற்கை" என்று தேடிப்போவது பெரும்பாலும் இந்த மிச்சத்தைத்தான்.

காட்டில் தங்குவோர்க்கான ஒழுக்கநெறிகளை இன்று உலகெங்கும் பரப்புவது, 1994இல் அமெரிக்காவில் அமைந்த 'தடம் விடாதே' இயக்கம். நீர்நிலையிலிருந்து 200 அடி, அதாவது ஏறத்தாழ எழுபது எட்டு, விலகிக் கூடாரமிடுக. மலத்தை ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்தில் புதைக்குக. விறகை விடுத்துச் சிற்றடுப்பைக் கொள்க. கொண்டுபோனதையெல்லாம் மீளக் கொணர்க. நல்ல விதிகளே. ஆனால் அந்நாட்டிலும் 'மனிதர் தங்காத வனம்' என்ற கருத்துக்குப் பின்னால் ஒரு வெளியேற்றம் உண்டு. யொசெமிட்டிப் பள்ளத்தாக்கின் பழங்குடிகளை 1851இல் ஆயுதப்படை துரத்தியது. வியந்து நோக்கும் பயணிகள் அதன் பின்னர் வந்தனர்.

நம் பழைய யாத்திரிகர் பாலாபத்தலை வழியாகச் சிவனொளிபாதம் ஏறியபோது குப்பை விடவில்லை என்று பெருமை பேசுவாருளர். அது முழு உண்மையன்று. அவர்களிடம் இலையும் துணியும் இருந்தன, பொலித்தீன் பிறந்திருக்கவில்லை. ஆகவே பழம்பெருமை போதாது; விதி வேண்டும். அவ்விதியும் நம் மலைக்கேற்ற விதியாதல் வேண்டும். செங்குத்துச் சரிவில் எழுபது எட்டு விலகினாலும் மழைநீர் எல்லாவற்றையும் ஓடையிலேயே சேர்க்கும். ஓடை நீர் குழாய்வழி லயத்துப் பீலிக்கு வருகிறது. மிஞ்சியது மகா ஓயாவில் கலந்து கொச்சிக்கடைக் கடல்வரை பல ஊர்களின் குடிநீராகிறது. எங்கே கூடாரமிடுவது என்று கேட்குமுன், கீழே யார் குடிக்கிறார்கள் என்று ஊராரிடம் கேட்கவேண்டும். வரண்ட மாதங்களில் மானாப்புல்லில் ஒரு தீப்பொறி போதும், குன்று முழுவதும் கரியாக.

மழைக்காலத்திலோ இம்மலையில் தங்கவே கூடாது. 2016 மே 17 அன்று, மூன்று நாள் கொட்டிய மழைக்குப்பின் அரநாயக்கச் சாமசர மலை சரிந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே கிராமங்களின்மேல் விழுந்தது. நூற்றுக்கும் அதிகமானோர் மாண்டனர், காணாமற் போயினர். அதே நாளில் புளத்கொஹுபிட்டியில் தோட்டத்து லயமொன்று மண்ணில் புதைந்தது. எஞ்சியோர் பலர் முகாம்களில் கிடந்தனர். கூடாரம் என்ற சொல் இப்பகுதிப் பிள்ளைகளுக்கு நினைவூட்டுவது அதைத்தான்.

இவற்றையெல்லாம் வகுப்பில் சொன்னபின், கேள்வி கேட்ட மாணவனையும் வேறு சிலரையும் சனிக்கிழமை ஓடைக்கு அழைத்துச் சென்றேன். இரண்டு உரச்சாக்கு நிறையக் குப்பை பொறுக்கினோம். திரும்பும் வழியில் பீலிக்கரையில் ஒரு பாட்டி குடத்து வாயில் பழைய சேலைத் துண்டைக் கட்டி நீர் பிடித்துக் கொண்டிருந்தாள். "ஏன் பாட்டி துணி?" என்றான் அவன்.

"லீவு நாளுல தண்ணி நுரைச்சுக்கிட்டு வருது, தம்பி" என்றாள் அவள்.