'நான் என்ன சைக்கோவா சார்?' - ஒரு த்ரெட்

1/ அம்பத்தூர் எஸ்டேட்ல நைட் ஷிஃப்ட் பாக்கற ஒரு தம்பி. ரெண்டு மாசமா தூக்கமில்ல, யாரோ பேசற மாதிரி காதுல குரல். மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தேன். "நான் என்ன சைக்கோவா சார்?"னு கேட்டுட்டு, ஓ.பி. சீட்டை மேசையிலயே வெச்சிட்டுப் போயிட்டார்.

2/ இந்த வார்த்தையை நமக்குச் சொல்லிக் கொடுத்தது சினிமா. 1960ல ஹிட்ச்காக்கோட 'சைக்கோ'. அப்புறம் இத்தாலியில 'ஜல்லோ' படங்கள். ஜல்லோன்னா மஞ்சள். அங்க துப்பறியும் நாவல்கள் மஞ்சள் அட்டையில வந்ததால அந்தப் பேர்.

3/ ஐரோப்பாவில பாலியல் கட்டுப்பாடுகள் தளர்ந்த காலம் அது. 1969ல டென்மார்க் ஆபாசப் படங்கள் மீதான தடையையே நீக்கிடுச்சு. குறைஞ்ச பட்ஜெட் தயாரிப்பாளர்களுக்கு ஒரு ஃபார்முலா கிடைச்சது: சுதந்திரமான பெண்ணைக் காட்டி டிக்கெட் விக்கணும், கடைசியில அவளைக் கொல்லணும். கொலைகாரனுக்கு ஒரு பழைய மனக்காயம் இருந்தா கதை ரெடி.

4/ தமிழ்ல 1978ல பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்'. சின்ன வயசுல ஒரு பொண்ணு போட்ட பொய்ப்பழி, வெறுப்பை ஊட்டி வளர்த்த வளர்ப்பு அப்பா, தோட்டத்துல புதைச்ச உடல்கள். 1980ல ராஜேஷ் கன்னா நடிக்க இந்தியில 'ரெட் ரோஸ்' ஆச்சு. அதே வருஷம் பாலு மகேந்திராவின் 'மூடுபனி'. அதிலும் சிறுவயசுக் காயம், அதிலும் பெண்கள்தான் பலி.

5/ ரெண்டு படமும் எனக்குப் பிடிக்கும். இளையராஜா இசைக்காகவே திரும்பப் பார்ப்பேன். ஆனா அந்தக் கதைகள் ரெண்டு விஷயத்தை மனசுல பதிய வெச்சிடுச்சு. ஒண்ணு, செத்தவ மேலயே பாதிப் பழி. இன்னொண்ணு, மனநோயாளின்னா கொலைகாரன்.

6/ சைக்கோசிஸ் வேற, சைக்கோபதி வேற. முதலாவது, குரல் கேக்கறது, இல்லாத சந்தேகம் வர்றது மாதிரியான நோய்நிலை. மருந்து இருக்கு. ரெண்டாவது, இரக்கமோ குற்ற உணர்வோ இல்லாத ஒரு குணக்கோளாறு. சினிமா ரெண்டையும் ஒண்ணாக்கி 'சைக்கோ'ன்னு பேர் வெச்சிடுச்சு.

7/ நிஜத்துல மனநோய் உள்ளவங்கள்ல பெரும்பாலானோர் யாரையும் அடிக்கறதில்ல. அடி வாங்கறவங்களா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சின்ன வயசுல கொடுமை அனுபவிச்சவங்களும் அப்படித்தான். மனச்சோர்வு, குடின்னு தங்களையே அழிச்சிக்கறவங்கதான் நிறைய.

8/ சிகிச்சை தள்ளிப்போகப் போக, குணமாகறது கஷ்டம். அதனாலதான் 'சைக்கோ'ங்கற ஒரு வார்த்தைக்கு இவ்வளவு நீளமா எழுதறேன்.

9/ அந்தத் தம்பி இன்னும் திரும்பி வரல. ஆவடியோ பூந்தமல்லியோ, உங்க வீட்டுல இப்படி ஒருத்தர் இருந்தா 14416க்கு (டெலி மானஸ்) கூப்பிடுங்க. இலவசம், தமிழ்லயே பேசலாம். வில்லன் மாதிரி பாக்காதீங்க. கூடவே ஆஸ்பத்திரிக்கு வாங்க.