தேவசகாயமும் தென் திருவிதாங்கூர் மக்களின் நன்றியும்

பத்மநாபபுரம் தலைநகராவதற்கு முன்னால் வேணாட்டு மன்னர்கள் இரணியலில் இருந்து ஆண்டார்கள். இரணியலில் இருந்த பழைய அரண்மனையைச் சுற்றிச் சில மைல்களுக்குள் பத்மநாபபுரமும் உதயகிரிக் கோட்டையும் புலியூர்க்குறிச்சியும் அடங்கிவிடும். புனித தேவசகாயத்தின் வாழ்க்கையில் பெரும்பகுதி இந்தக் குறுகிய வட்டத்துக்குள்தான் நடந்தது. அவர் குருவானவர் அல்லர், துறவியும் அல்லர். மனைவியோடு குடித்தனம் நடத்திய அரசு ஊழியர். அவர் நினைவைக் காத்தவர்களும் பெரும்பாலும் அவரைப் போன்ற குடும்பத்தினரே. அவர்களின் நன்றி 270 ஆண்டுகளில் எப்படி உருமாறி வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23-இல் பிறந்த நீலகண்டன், மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் பத்மநாபபுரம் நீலகண்டசுவாமி கோயிலோடும் அரண்மனையோடும் தொடர்புடைய பொறுப்புகளில் இருந்தார். 1741 குளச்சல் போரில் சிறைபட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்த தெலன்னாய் அவருக்கு நண்பரானார். வீட்டில் அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளால் மனம் சோர்ந்திருந்த நீலகண்டனுக்குத் தெலன்னாய் விவிலியத்தின் யோபு கதையைச் சொன்னார். இந்த இடத்தைத் தாண்டிப்போக எனக்கு மனமில்லை. ஒரு பெரிய மனமாற்றம் விவாதத்தில் தொடங்கவில்லை. துன்பப்பட்ட ஒருவனின் கதையைத் துன்பத்தில் இருந்த ஒருவர் காது கொடுத்துக் கேட்டதில் தொடங்கியது. 1745 மே 14-இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளார் அவருக்குத் திருமுழுக்கு அளித்தார். லாசர் என்ற பெயரே தமிழில் தேவசகாயம் ஆயிற்று. மனைவி பார்கவி ஞானப்பூ ஆனார்.

1749 பிப்ரவரியில் தேவசகாயம் கைதானார். ஏறக்குறைய மூன்று ஆண்டுக் காவலில் அவரை எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனதாக மரபு சொல்கிறது. அவர் காவலில் இருந்த காலத்தில், 1750 ஜனவரியில், மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசுவாமிக்குக் காணிக்கையாக ஒப்படைத்தார். அரசும் கோயிலும் ஒன்றோடொன்று இறுகிப் பிணைந்த வேளை அது. 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்றார்கள். எலும்புகளை எடுத்துவந்து கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள்.

கொலைக்கு மதம்தான் காரணமா என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு எழுதுவது நேர்மையாகாது. திருவிதாங்கூர் அரசின் வரலாற்றை எழுதியவர்களில் சிலர், மதத்துக்காக அங்கே எவரும் கொல்லப்பட்டதில்லை என்கிறார்கள். வேறு குற்றத்துக்கான தண்டனை என்ற வாதமும் உண்டு. மறுபுறம், இறப்பு நடந்து நான்கே ஆண்டுகளில், 1756-இல், கொச்சி ஆயர் உரோமைக்கு எழுதிய அறிக்கை இதை விசுவாசத்துக்காக நேர்ந்த சாவு என்றே தெரிவிக்கிறது. சமகாலச் சான்று என்ற அளவில் அந்த அறிக்கைக்கே நான் கூடுதல் எடை தருவேன். 1780-இல் கேரளத்துக் கரியாட்டில் யோசேப்பு கத்தனாரும் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கோரி உரோமையில் விண்ணப்பம் கொடுத்தார். அதன்பின் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் அந்த முயற்சி நகரவில்லை.

மக்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்த அவர் முழங்கையால் பாறையை இடிக்க நீர் ஊறியது என்று சொல்லி, அந்த இடத்துக்கு முட்டிடிச்சான் பாறை என்று பெயரிட்டார்கள். பாறையில் சிறிய குழி. அதில் ஊறும் நீரைப் பக்தியோடு எடுத்துப்போகிறார்கள். பெருவிளையில் அவரைக் கட்டிவைத்த வேப்பமரத்தின் இலை நோய் தீர்த்தது என்றார்கள். காற்றாடிமலையில் கல்லால் தட்டினால் வெண்கலம்போல் ஒலிக்கும் பாறை மணியடிச்சான் பாறை ஆயிற்று. அவருடைய உடைமைகளை வடக்கன்குளம் பரலோக மாதா கோயிலில் ஆகஸ்டு 15 திருவிழாவில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். அவர் கதையை நாடகமாகவும் ஊர்களில் நடித்தார்கள். நினைவு நாளான ஜனவரி 14 பொங்கலை ஒட்டி வருவதால் அறுவடை மகிழ்ச்சியும் மறைசாட்சியின் நினைவும் இந்தப் பக்கத்து வீடுகளில் சேர்ந்தே வருகின்றன.

இந்த மரபுகளை உற்றுப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரியும். தண்ணீர், இலை, கல் என எல்லாமே அவர் துன்பப்பட்ட இடத்தில் கிடந்த எளிய பொருள்கள். நேர்ச்சை செலுத்துபவர் நோய் தீர்ந்ததற்காக நன்றி சொன்னாலும், அந்த நன்றியின் அடியில் நிற்பது அவருடைய பொறுமைதான் என்று கொள்கிறேன். அடித்தவர்களைத் திட்டாமல் தாங்கிக்கொண்ட மனிதரிடம் தங்கள் வலியைச் சொல்லலாம் என்ற நம்பிக்கை அது.

ஆனால் அவர் வாழ்ந்து காட்டிய ஒன்றை ஏற்க இந்த மண்ணுக்கு வெகுநாள் பிடித்தது. சாதி பாராமல் எல்லாரோடும் பழகியவர், உண்டவர் என்று அவரைப் போற்றுகிறோம். அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கோயிலுக்குள் வேளாளரையும் நாடாரையும் பிரிக்கும் சுவர் இருந்தது. 1910-இல் கௌசானெல் அடிகளார் அதை இடித்தார். வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. தேவசகாயத்திடம் வரம் கேட்ட ஊர், அவர் உட்கார்ந்த பந்தியில் உட்கார மறுத்திருக்கிறது. இதை மறைத்து அவருக்கு நன்றி சொல்ல என்னால் ஆகாது.

புனிதர் பட்ட முயற்சி மறுபடி உயிர்பெற்றது 1984-இல். அதைத் தொடங்கியவர்கள் நாகர்கோவில் வட்டாரப் பொதுநிலையினர். கோட்டாறு மறைமாவட்டம் 1993-இல் முறையான நடவடிக்கையை எடுத்தது. 2012 டிசம்பர் 2-இல் நாகர்கோவிலில் நடந்த விழாவில் அவர் அருளாளர் ஆனார். அப்போது பெயரின் வாலில் ‘பிள்ளை’ இருந்தது. ஒரு புனிதரின் பெயரில் சாதி வேண்டுமா என்று பொதுநிலையினர் சிலர் உரோமைக்கு எழுதினார்கள். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தபோது அந்த வால் இல்லை. சுவர் இடிந்து 112 ஆண்டுகள் கழித்து நடந்த இந்த மாற்றத்தை, அவருக்குச் செலுத்திய நேர்ச்சைகளிலேயே பெரியதாக நான் மதிக்கிறேன். ஊரில் பழகிய வாய்கள் இன்னும் ‘தேவசகாயம்பிள்ளை’ என்றுதான் சொல்கின்றன. அதில் அன்பும் இருக்கிறது, பழக்கமும் இருக்கிறது.

இனி ஆய்வு போகவேண்டிய திசை ஞானப்பூ அம்மாளுடையது. கணவரோடு நம்பிக்கையை மாற்றிக்கொண்டு, அவர் பட்ட மூன்று ஆண்டுப் பாட்டையும் பார்த்து, அவர் கொல்லப்பட்டபின் சொந்த ஊரில் இருக்க முடியாமல் வடக்கன்குளம் போய்ச் சேர்ந்தார். எஞ்சிய வாழ்நாளை அங்கேயே கழித்தார் என்பது மரபு. அவருக்குத் திருவிழா இல்லை, பெயர் சூட்டிய பாறையும் இல்லை. வடக்கன்குளத்துக் கோயில் பதிவேடுகளையும் குடும்ப வாய்மொழிகளையும் சேர்த்து அவருடைய வரலாற்றை எழுதும் வேலை இன்னும் காத்திருக்கிறது.