கூப்பிட்டா ஏன் வரலை?

போன மாசம் சென்னையிலேர்ந்து என் அக்கா மகன் போன் பண்ணினான். அபார்ட்மெண்ட்ல ஒரு நாட்டு நாய்க்குட்டி எடுத்து வளர்க்கிறான். எட்டு மாசம் ஆகுது.

"மாமா, சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குது. கயிறை இழுக்குது, செருப்பைக் கடிக்குது, கூப்பிட்டா வர்றதில்லை. பழக்க வர்ற ஆளு, நீங்கதான் தலைவர்னு அதுக்குக் காட்டணும், நீங்க சாப்பிட்ட பிறகுதான் அதுக்கு வைக்கணும், அடங்கலைன்னா மல்லாக்கப் போட்டு அமுக்கணும்னு சொல்றார். ஊர்ல நீங்கள்லாம் எப்படிப் பழக்கினீங்க?"

ஊர்ல இருக்கிறவனுக்கு நாயைப் பத்தி எல்லாம் தெரியும்னு டவுன்ல ஒரு நினைப்பு இருக்கு. அவனுக்கு நான் பெருமையாப் பதில் சொல்ல முடியலை. மணியைப் பத்தித்தான் சொன்னேன்.

மணி எங்க தோட்டத்துக் காவல் நாய். செவலை நிறம், கெட்டிக்காரன். ஒரே ஒரு குறை, முயலைக் கண்டா விரட்டிக்கிட்டு ஓடிரும். தொண்டை கிழியக் கூப்பிடுவேன். அரை மணி நேரம் கழிச்சு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு வரும். வந்ததும் கருவேலங்கம்பால ரெண்டு போடுவேன். ஓடிப் போனதுக்கு அடிக்கிறேன்னு என் கணக்கு. எங்க ஐயா அப்படித்தான் செஞ்சார், நானும் செஞ்சேன்.

ஒருநாள் இருட்டுற நேரம். மணி மெயின்ரோட்டு மேலே நின்னு எதையோ மோந்துக்கிட்டு இருந்துச்சு. தூரத்துல லாரி வெளிச்சம் தெரிஞ்சது. "மணி, வா"ன்னு கத்தினேன். தலையைத் தூக்கிப் பாத்துச்சு. என் முகத்தைப் பாக்கலை, கையைப் பாத்துச்சு. கையில டார்ச் லைட் இருந்துச்சு. வாலைக் காலிடுக்கில செருகிக்கிட்டு ரெண்டு எட்டு பின்னாலே வச்சுது. அவ்வளவுதான்.

மறுநாள் மாட்டுக்கு ஊசி போட வந்த கால்நடை டாக்டர்கிட்ட, "கூப்பிட்டப்ப வந்திருந்தாப் பொழச்சிருக்கும் சார், பிடிவாதம் பிடிச்ச நாய்"ன்னு சொன்னேன். "வந்தா நீங்க என்ன செய்வீங்க?"ன்னு கேட்டார். சொன்னேன். "அப்ப நீங்க கத்துக்குடுத்ததை அது ஒழுங்காத்தான் படிச்சிருக்கு"ன்னார்.

அந்த வார்த்தை ரொம்ப நாள் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் நாய் எப்படிக் கத்துக்குதுன்னு கிடைச்சதையெல்லாம் படிக்க ஆரம்பிச்சேன். இந்தக் கம்பு எங்கேர்ந்து வந்துச்சு, அதைக் கீழே போடணும்னு யார் கண்டுபிடிச்சாங்கங்கிறது நூறு வருசத்துக்கும் மேலான கதை.

முதல்ல நம்ம பக்கத்தைச் சொல்லிடறேன். நமக்கும் நாய்க்கும் உள்ள உறவு ரொம்பப் பழசு. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூர்ல ஒரு நடுகல் கிடைச்சிருக்கு. பல்லவ ராஜா முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது, 7ஆம் நூற்றாண்டு. எருமைகளுக்காகச் சண்டை போட்டு உயிரை விட்ட ஒரு வீரனுக்கு வச்ச கல். அவன் பக்கத்துல அவனோட நாயையும் செதுக்கியிருக்காங்க. பேரோட! கோவிவன்ங்கிற அந்த நாய் ரெண்டு கள்ளர்களைக் கடிச்சுக் காவல் நின்னதுன்னு எழுத்து வெட்டியிருக்கு. ராஜாக்களுக்கு மெய்க்கீர்த்தி எழுதின நாட்டுல ஒரு நாய்க்கும் ரெண்டு வரி கிடைச்சிருக்கு.

ஆட்டுக்கிடை போடுறவங்க கிட்டேயும் ஒரு பழக்கம் உண்டு. குட்டி நாயைச் சின்னதிலேயே மந்தையில விட்ருவாங்க. ஆட்டோட ஆடாப் படுத்து எந்திரிச்சு வளரும். அப்படி வளர்ந்த நாய் ஆட்டை மேலே விழுந்து கடிக்காது, மந்தையை விட்டும் போகாது. இதுக்கு என்ன காரணம்னு அமெரிக்காவில ஸ்காட், ஃபுல்லர்னு ரெண்டு விஞ்ஞானிகள் பல வருசம் ஆராய்ச்சி செஞ்சு 1965இல் புத்தகமா எழுதினாங்க. பிறந்த 3 வாரத்திலேர்ந்து 12 வாரம் வரைக்கும் குட்டியோட மனசு திறந்து கிடக்கிற காலம். அப்ப யாரோட பழகுதோ அவங்க அதுக்குச் சொந்தம். அந்த வயசுல மனுசங்களைப் பாக்காத குட்டி, வளர்ந்த பிறகு மனுசங்களைக் கண்டாலே மிரளும். கிடைக்காரங்க கையில இருந்த பழக்கத்துக்குள்ளே இந்த விஷயமும் இருந்திருக்கு.

ஆனா நாய்ப் பயிற்சின்னு உலகம் பூரா பேரெடுத்தது வேற. அது போலீஸ்லயும் பட்டாளத்துலயும் வளர்ந்தது. ஜெர்மனியில கொன்ராட் மோஸ்ட்னு ஒரு போலீஸ் அதிகாரி 1910இல் ஒரு புத்தகம் போட்டார். எந்த நேரத்துல தட்டிக்குடுக்கணும், எந்த நேரத்துல தண்டிக்கணும்னு அவருக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு. ஆனா முள்ளு வச்ச கழுத்துப்பட்டை, சாட்டை, முரட்டுத்தனமா இழுக்கிறது, இதெல்லாம் அவரோட முறையில முக்கியமான பங்கு. ரெண்டு உலகப் போர்லயும் நாய்களை ஆயிரக்கணக்குல பழக்கினாங்க. போர் முடிஞ்சு ஊர் திரும்பினவங்க, வீட்டுக் கூடத்துல படுத்திருக்கிற நாய்க்கும் பட்டாளத்துப் பாடத்தையே நடத்தினாங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, மோஸ்ட் புத்தகம் வர்றதுக்கு முன்னாடியே வேற வழிக்கான விதை போட்டாச்சு. ரஷ்யாவில பாவ்லோவ்னு ஒருத்தர். ஜீரணம் எப்படி நடக்குதுன்னு ஆராய்ச்சி செஞ்சவர், அதுக்குத்தான் 1904இல் நோபல் பரிசு வாங்கினார். அவரோட நாய்களுக்குச் சோறு வாயில படுறதுக்கு முன்னாடியே, சோறு கொண்டு வர்ற ஆளைக் கண்டதுமே எச்சில் ஊறுச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டு ஆராய்ச்சியையே அந்தப் பக்கம் திருப்பினார். ஒரு சத்தம், அடுத்து சோறு. திரும்பத் திரும்ப இப்படி நடந்தா, சத்தத்துக்கே எச்சில் ஊறும். நாய் யோசிச்சு முடிவு பண்றதில்லை, உடம்பு தானாச் செய்யுது.

இதைப் படிச்சப்ப மணி என் கையைப் பாத்ததுதான் ஞாபகம் வந்துச்சு. அதுக்கு என் குரல் ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்குப் பின்னாலே கம்பு வரும். டார்ச்சா கம்பான்னு பிரிச்சுப் பாக்க அதுக்கு நேரம் இல்லை.

அதே காலத்துல அமெரிக்காவில தார்ன்டைக்னு ஒருத்தர் பூனையைக் கூண்டுக்குள்ளே விட்டு, வெளியே தீனி வச்சுப் பாத்தார். 1898இல் அதை எழுதினார். பூனை முட்டி மோதி, தற்செயலாக் கயிறை இழுக்கும், கதவு திறக்கும். அடுத்தடுத்த தடவை சீக்கிரமே இழுக்கும். எதைச் செஞ்சா நல்ல பலன் கிடைக்குதோ, அதைத் திரும்பச் செய்யும். பலன் கெட்டதா இருந்தா விட்ரும். என் கணக்கு எங்கே தப்புச்சுன்னு இதுல தெரிஞ்சது. முயலை விரட்டினதுக்குப் பலன் சந்தோசம். என்கிட்டே திரும்பி வந்ததுக்குப் பலன் அடி. நான் தண்டிச்சது ஓடினதை இல்லை, வந்ததை.

இனி, என் மருமகனைக் குழப்பின 'தலைவர்' கதைக்கு வர்றேன். 1947இல் ருடால்ஃப் ஷென்கெல்ங்கிறவர் சுவிட்சர்லாந்து பாசல் மிருகக்காட்சி சாலையில அடைச்சு வச்ச ஓநாய்களைப் பத்தி எழுதினார். வேலி போட்ட ஒரே இடத்துல அடைபட்ட ஓநாய்கள் மேல்நிலைக்குச் சண்டை போட்டுக்கிட்டதைப் பாத்தவர் அவர். 1970இல் அமெரிக்காவில டேவிட் மெக் எழுதின ஓநாய்ப் புத்தகம் இந்தக் கருத்தை ஊர் உலகத்துக்கெல்லாம் கொண்டு போச்சு. ஓநாய்க் கூட்டத்துல அடக்கி ஆளுற தலைவன் உண்டு, நாய் ஓநாயோட வம்சம், அதனால நீ அடக்காட்டி அது உன்னை அடக்கும்னு மத்தவங்க அதை வீட்டுக்குள்ளே கொண்டாந்துட்டாங்க.

அந்த மெக் அதோட நிக்கலை. கனடாவோட வடகோடியில இருக்கிற எல்ஸ்மியர் தீவுல பல வருசம் கோடைகாலத்துல காட்டு ஓநாய்களோட இருந்து பாத்தார். அங்கே கண்டது வேற. கூட்டம்னு சொன்னது ஒரு குடும்பம். அம்மா, அப்பா, பிள்ளைகள். தலைவன்னு நினைச்சது தகப்பன். பிள்ளை அப்பனுக்குப் பின்னாலே போகுது, அவ்வளவுதான். 1999இல் இதை எழுதினார். தன் பழைய புத்தகத்தை இனி அச்சடிக்க வேண்டாம்னு பதிப்பகத்தாரையும் கேட்டுக்கிட்டார். எழுதினவரே வேண்டாம்னு சொன்ன பிறகும் அந்தப் பாடம் இன்னும் சென்னை அபார்ட்மெண்ட்ல நடந்துக்கிட்டு இருக்கு.

கம்பை நிஜமாவே கீழே போட வச்சதுல கோழிக்குப் பெரிய பங்கு உண்டு. சிரிக்காதீங்க. அமெரிக்காவில ஸ்கின்னர்னு ஒரு மனோதத்துவ விஞ்ஞானி. அவர்கிட்டே படிச்ச கெல்லர் பிரேலண்ட், மரியன் பிரேலண்ட்னு புருசன் பொண்டாட்டி 1940களில் மிருகங்களைப் பழக்குறதையே தொழிலா எடுத்தாங்க. தீவனக் கம்பெனி விளம்பரத்துக்காகக் கோழியைப் பியானோ தட்ட வச்சாங்க. கோழி வளர்த்தவங்களுக்குத் தெரியும், அதட்டினா அது பறந்துரும், அடிச்சாச் செத்துரும். சரியான நொடியில ஒரு சின்னச் சத்தம், உடனே தீனி. அது ஒண்ணுதான் வழி. நாய் பழக்குறவங்களுக்கும் சொல்லிப் பாத்தாங்க. அப்ப யாரும் காது குடுக்கலை. பின்னாலே பல வருசம் கழிச்சு அதே மரியன், பாப் பெய்லிங்கிறவரோட சேர்ந்து, நாய்ப் பயிற்சிக்காரங்களைக் கூப்பிட்டுக் கோழியை வச்சே பாடம் நடத்தினாங்க.

அடுத்து வந்தவர் கேரன் பிரையர்ங்கிற அம்மா. 1960களில் ஹவாய் தீவுல டால்பின் பழக்கினவர். டால்பினுக்குக் கழுத்துல சங்கிலி போட முடியாது, கோபப்பட்டா நீந்திப் போயிரும். விசிலும் மீனும்தான் கருவி. அதையே நாய்க்கும் மனுசனுக்கும் பொருத்தி 1984இல் அவர் எழுதின புத்தகத்துக்குப் பிறகுதான் சாதாரண வீடுகளுக்கு இந்த முறை வந்துச்சு.

பாசம் பேசுறவங்க சொல்ற கதைதானேன்னு நினைக்கலாம். கணக்கும் இருக்கு. 2004இல் இங்கிலாந்துல நாய் வளர்க்கிற 364 பேர்கிட்டே கேட்டுப் பாத்தாங்க. பரிசு குடுத்துப் பழக்கினவங்க நாய் சொன்ன பேச்சை அதிகமாக் கேட்டுச்சு. தண்டிச்சவங்க வீட்டு நாய்களுக்குத்தான் கோளாறு அதிகம். 2020இல் போர்ச்சுகல்ல பயிற்சிப் பள்ளிக்குப் போற 92 நாய்களோட எச்சிலை எடுத்துச் சோதிச்சாங்க. அடி, இழுப்பு, மிரட்டல் உள்ள பள்ளியில படிச்ச நாய்களுக்குப் பயிற்சி முடிஞ்ச பிறகு மன அழுத்தத்தைக் காட்டுற கார்டிசால் கூடியிருந்துச்சு. பாவ்லோவ் எச்சிலை அளந்து ஆரம்பிச்ச கதை, நூறு வருசம் கழிச்சு எச்சில்லேயே வந்து நிக்குது.

என் மருமகன்கிட்டே நாலு விஷயம் சொன்னேன்.

"மாப்ளே, ஒண்ணு, கூப்பிட்டு வந்த நாயைத் திட்டாதே. லேட்டா வந்தாலும் சரி. சுண்டுவிரல் நகம் அளவுக்கு அவிச்ச கோழியோ முட்டையோ குடு. குளிப்பாட்டவோ கட்டிப் போடவோ கூப்பிடாதே, நீயே போய்க் கூட்டிட்டு வா. 'வா'ங்கிற வார்த்தை கெட்டுப் போகக்கூடாது. ரெண்டு, கயிறை இழுத்தா நின்னுரு. கயிறு தளர்ந்ததும் நட. இழுத்தா ஊர் நகராதுன்னு அதுக்கே புரியும். மூணு, செருப்பை எடுத்து மேலே வை. கடிக்க அதுக்குன்னு ஒண்ணு குடு. எதையாவது கடிக்கணும்னு தோணுற வயசு அது. நாலு, உறுமினா அடிக்காதே. 'எனக்குப் பயமா இருக்கு, தள்ளிப் போ'ன்னு அது சொல்லுது. அந்த உறுமலை அடிச்சு நிறுத்தினா, அடுத்த தடவை சொல்லாமக் கடிக்கும். ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை, தடவைக்கு ரெண்டு நிமிசம் போதும். வீட்டுல எல்லாரும் ஒரே வார்த்தையச் சொல்லுங்க."

"தலைவர் யாருன்னு எப்படிக் காட்டுறது?"ன்னு திரும்பக் கேட்டான்.

"சோறு வைக்கிறது யாரு?"ன்னேன்.

"நான்தான்."

"அது போதும் போ."

போன வாரம் வீடியோ ஒண்ணு அனுப்பினான். மொட்டை மாடியில அந்தக் கோடியில நின்னுக்கிட்டுக் கூப்பிடுறான், இந்தக் கோடியிலேர்ந்து குட்டி காது பறக்க ஓடி வருது. அதை நாலஞ்சு தடவை பாத்தேன்.

இப்ப எங்க தோட்டத்துல கருப்பின்னு ஒரு நாய் இருக்கு. வந்து மூணு வருசம் ஆச்சு. ஒரு நாள்கூடக் கை ஓங்கினதில்லை. கூப்பிட்டா எங்கே இருந்தாலும் வருது, வந்து என் முகத்தைப் பாக்குது. முயலுக்குப் பின்னாலே ஓடும்போது மட்டும் ரெண்டு தடவை கூப்பிட வேண்டியிருக்கு. அதனால மெயின்ரோட்டுப் பக்கம் போறப்ப இன்னிக்கும் கயிறு போட்டுத்தான் கூட்டிட்டுப் போறேன்.