தேவியின் பெயரால் ஒரு பொய்

"அம்மை குத்துவதெல்லாம் நம் முன்னோர் அறிந்ததுதானாமே, சார்? தன்வந்திரி எழுதிய சுலோகமே இருக்கிறதாம்!"

பெரிய முதலியார்சாவடியில், மாரியம்மனுக்கு ஆடிக்கூழ் வார்த்த மறுநாள், மாணவன் ஒருவன் நம்மை இவ்வாறு கேட்டான். கைப்பேசியில் வந்த செய்தியாம். பிள்ளையைக் கடிந்து பயனில்லை. ஆளுநரே மேடையேறிச் சொன்ன கதை அது! அதன் பிறப்பை ஆராய்வோம், தோழர்களே.

1796இல் இங்கிலாந்தில் ஜென்னர் ஓர் உண்மையைக் கண்டார். பசுவின் மடியில் தோன்றும் கொப்புளத்து நீரை மனிதன் கையில் கீறி ஏற்றினால், பெரியம்மை அவனை அண்டுவதில்லை. 1802 ஜூன் 14ஆம் நாள் பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு முதன்முதலாக அம்மை குத்தினர். விரைவிலேயே அம்முறை சென்னைக்கும் வந்தது.

மருந்தைக் குளிரில் காக்கும் வசதி அந்நாளில் இல்லை. ஒரு குழந்தையின் கையில் எழுந்த கொப்புளத்து நீரையே எடுத்து அடுத்த குழந்தைக்கு ஏற்றினர். அங்கேதான் சாதி குறுக்கே நின்றது. தாழ்த்தப்பட்டோர் வீட்டுப் பிள்ளையின் கையிலிருந்து எடுத்த நீர் தம் பிள்ளையின் உடலில் ஏறலாகாது என்று மேல்சாதியார் பலர் மறுத்தனர். உயிர் காக்கும் மருந்துக்கும் குலம் கேட்ட நாடு இது! அம்மன் சினப்பாள் என்ற அச்சம் வேறு.

இத்தடையை உடைக்க முனைந்தோருள் ஒருவர் எல்லீஸ் துரை. சென்னைக் கலெக்டராக இருந்தவர். திருக்குறளுக்கு ஆங்கிலத்தில் உரை கண்டவர். கால்டுவெல்லுக்கு நாற்பதாண்டு முன்பே, 1816இல், தென்மொழிகள் வடமொழியின் கிளைகள் அல்ல என்று நிறுவியவர். நாம் நன்றியோடு நினைக்கும் அறிஞர்.

அத்தகையவர் என்ன செய்தார்? சக்தி தன்வந்திரிக்கு உரைப்பதுபோல் தமிழில் ஒரு கதை புனைந்தார். மாட்டம்மைப் பால் தேவியின் அருட்கொடை என்பது அதன் சாரம். 1819 சனவரியில் 'மெட்ராஸ் கூரியர்' ஏட்டில் 'கல்வி விரும்போன்' என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வந்தது. பசுமடிக் கொப்புளத்து நீரை எடுத்துக் கையில் ஏற்றும் முறை பழைய வடமொழி நூலிலேயே உண்டு என்றது அது. அக்கடிதத்தின் பின்னும் எல்லீசே இருந்திருக்கக் கூடும் என்று டொமினிக் உஜாஸ்டிக் என்னும் ஆய்வாளர் 1987இல் எழுதினார். கடிதம் வந்த இரண்டு திங்களுக்குள் எல்லீஸ் இராமநாதபுரத்தில் மறைந்தார். பொய்யோ மறையவில்லை.

ஐரோப்பிய மருத்துவ நூல்களில் அது ஏறியது. 1905இல் கிண்டியில் அம்மைப்பால் தயாரிக்கும் கிங் நிலையத்தைத் திறந்த ஆளுநர் ஆம்ப்தில் பிரபு, பண்டை இந்தியர் இம்முறையை அறிந்திருந்தனர் என்று தன்வந்திரியின் பெயரைச் சொல்லிப் பேசினார். மக்களின் அச்சம் போக்கப் பிறந்த புனைவு, பழம்பெருமை பேசுவோரின் ஆயுதமாயிற்று. இன்று நம் மாணவன் கையில் இருப்பதும் அதுவே.

குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கலாம் என்றார் வள்ளுவர். குறள் கற்ற எல்லீஸ் அதை எண்ணினாரோ, என்னவோ! ஆனால் 'குற்றமற்ற' என்ற நிபந்தனையை நாம் மறக்கலாமா? இப்பொய் நோயை ஒழிக்கவில்லை. அதன் பின்னும் ஒன்றரை நூற்றாண்டு பெரியம்மை நம் மக்களைக் கொன்றது. பிழைத்தோர் பலரின் கண்ணைப் பறித்தது.

ஒழித்தது எது? வெப்பத்தில் கெடாதபடி உறையவைத்து உலர்த்திய மருந்து, கவைமுனை ஊசி, நோய் கண்ட வீட்டைத் தேடிச் சென்று சுற்றிலும் உள்ளோர்க்கெல்லாம் குத்திய ஊழியர் உழைப்பு. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை நின்றது. 1980 மே 8ஆம் நாள் உலகமே விடுபட்டதென அறிவித்தனர்.

மெய்யறிவு புகழ்ச்சிக்காக எதையும் மறைப்பதில்லை என்பதற்கும் நம் பக்கத்திலேயே சான்று உண்டு. 1968இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோரிடம் சோதிக்கத் தொடங்கினர். பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அது தடுக்கவில்லை என்பதே முடிவு. கசப்பான அம்முடிவை ஒளிக்காமல் வெளியிட்டனர். குழந்தைகளுக்கு வரும் கொடிய மூளைக்காய்ச்சல் காசத்தைத் தடுப்பதால் அவ்வூசி இன்றும் குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. பயன் இவ்வளவு, எல்லை இவ்வளவு என்று அளந்து சொல்வதே அறிவியல்.

தோழர்களே! ஊசிக்கு அஞ்சும் தாயிடம் நாமும் செல்கிறோம். "அம்மனே சொன்னாள்" என்றால் அவள் எளிதில் இசையலாம். நாளை வேறொருவன் "அம்மன் வேண்டாமென்கிறாள்" என்று வந்து நின்றால், அவளுக்கு எதைக்கொண்டு விடை சொல்வோம்? நேரம் ஆனாலும் ஊசியின் உண்மையைச் சொல்வோம். ஊசி போட்ட இரவில் காய்ச்சல் காணும், அது தணியும் என்பதையும் சேர்த்தே சொல்வோம்.

அந்த மாணவனுக்கு எல்லீசின் கதை முழுவதையும் சொன்னோம். "அவ்வளவு படித்தவர் ஏன் சார் அப்படிச் செய்தார்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அக்கேள்வியை எந்நாளும் கேட்கும் பிள்ளைகளை உருவாக்குவதே நம் கடமை.